முட்டைக்குள் கால்சியம் பார்க்க வந்திருக்கும் பிள்ளைகளுக்கு

1. கால்சியத்தைக் காட்டும் சாயம் ஏற்றிய முட்டை நுண்ணோக்கியில் ஒளிர்ந்தால், ‘இந்தக் கால்சியம் எங்கிருந்து வந்தது?’ என்று முதலில் கேளுங்கள். கடல்நீரில் கால்சியம் சுமார் 10 மில்லிமோலார். கருவுறாத கடல் முள்ளெலி முட்டைக்குள் தனித்துத் திரிவதோ அதில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு. வெளியிலிருந்துதான் பாய்ந்திருக்கும் என்றே யாருக்கும் தோன்றும். 1974-இல் ஸ்டைன்ஹார்ட்டும் ஈப்பலும் அந்த முட்டைகளில் கால்சியத்தைச் சவ்வுகளின் ஊடே கடத்தும் ஏ23187 என்ற அயனோஃபோரைச் சேர்த்தார்கள். விந்தணு இல்லை, வெளியே கால்சியமும் தேவைப்படவில்லை. முட்டை தூண்டப்பட்டுவிட்டது. சேமிப்பு உள்ளேயே இருக்கிறது.

2. அந்தச் சேமிப்பறை எண்டோபிளாச வலை. ஐ.பி.3 மூலக்கூறு வந்து ஒட்டியதும் அதிலுள்ள ஏற்பிகள் திறக்கின்றன. வெளிவந்த கால்சியமே பக்கத்து ஏற்பிகளையும் திறக்கத் தூண்டுகிறது. அதனால்தான் அது அலையாக நகர்கிறது. கடல் முள்ளெலி முட்டையின் குறுக்களவு 0.1 மில்லிமீட்டர் அளவுதான். அதை அலை கடக்க ஏறக்குறைய அரை நிமிடம். சாயம் எதுவும் போடாமல் ஒருமுறை வெறும் நுண்ணோக்கியில் பாருங்கள். விந்தணு தொட்ட இடத்தில் மெல்லிய உறை எழும்பி, இரு பக்கமும் சுற்றி வந்து, எதிர்ப்புறம் மூடும். கால்சியம் எட்டிய இடத்திலெல்லாம் விளிம்புத் துகள்கள் வெடித்து எழுப்பும் உறை அது. எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

3. விலங்கு மாறினால் கணக்கும் மாறும். சுண்டெலி முட்டையில் ஒற்றை அலையோடு முடியாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை என மணிக்கணக்கில் எழும்பித் தணியும். அதைக் கிளப்பும் பிஎல்சி-ஸீட்டா என்ற நொதியை விந்தணுவே கொண்டுவருகிறது என்று 2002-இல் சொன்னார்கள். முதல் உச்சத்தைக் கண்டவுடன் பதிவை நிறுத்திவிட்டு எழுந்து போகாதீர்கள்.

4. முதிராத முட்டையில் சோதிக்காதீர்கள். சேமிப்பும் ஏற்பிகளும் முதிர்ச்சியின்போதுதான் முழுத் தகுதி பெறுகின்றன.

5. ஃபியூரா-2 போன்ற சாயமும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் பொருள்தான். அதிகம் ஏற்றினால் அலை தணிந்து, இல்லாததுபோலத் தெரியும். விளக்கையும் தேவைக்கு மேல் எரியவிடாதீர்கள், முட்டை கெடும்.

6. விந்தணு சேர்த்தும் ஒளிராத முட்டையைத் தூக்கிப் போடுமுன் அதே கிண்ணத்தில் அயனோஃபோர் சேருங்கள். ஒளிர்ந்தால் சாயம் நன்றாகவே இருக்கிறது. விந்தணுவிலோ, அதன் செய்தி முட்டைக்குள் போகும் வழியிலோ தேடுங்கள். ஒளிராவிட்டால் சாயத்திலிருந்து தொடங்குங்கள்.