கிணறும் ஞாயிறும்: தோட்டச் செய்கையிற் சக்திச் சிக்கனம்

பயிர்த்தொழிலுக்கு நிலம், நீர், வித்து, எரு ஆகிய நான்கும் வேண்டுமென்பதை யாவரும் அறிவர். இவற்றோடு ஐந்தாவதாக வேண்டப்படுவது சக்தி. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவ்வைந்தாவது பொருளின் அருமை தனியே உணரப்படுவதொன்று. இங்கு ஆண்டு முழுவதும் பாயும் ஆறு கிடையாது. வழுக்கியாறும் மாரிகாலத்தில் மட்டுமே நீர் காண்பது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிற் பெய்யும் மழை சுண்ணக்கற் பாறையின் வெடிப்புக்களூடே இறங்கித் தேங்குகின்றது. அதனைக் கிணற்றின் வாயிலாக மேலே கொணர்ந்தே நம் முன்னோர் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவித்தனர். ஆகவே நமது தோட்டச் செய்கையின் சக்திக் கணக்கு பெரும்பாலும் நீரிறைப்பின் கணக்கேயாகும்.

நீரிறைப்பின் கணக்கு

நான்கு பரப்புத் தோட்டமொன்றை எடுத்துக்கொள்வோம். அது ஏறக்குறைய 1,000 சதுர மீற்றர். ஒரு முறை பாய்ச்சும்போது நிலத்தில் 25 மில்லிமீற்றர் உயரத்துக்கு நீர் நிற்குமாறு விடுவதாயின் 25 கன மீற்றர், அதாவது 25,000 லீற்றர் நீர் வேண்டும். கிணற்று நீர் 8 மீற்றர் ஆழத்தில் இருப்பின் அதனை மேலே உயர்த்தச் செய்யவேண்டிய வேலை ஏறக்குறைய 20 இலட்சம் யூல். மின்னலகிற் கூறின் அரைக் கிலோவாற்று மணியிலும் சிறிது கூடியது.

இது சிறிய தொகையாகத் தோன்றலாம். ஆனால் உடலுழைப்பால் ஒரு மனிதன் நெடுநேரம் தொடர்ந்து தரவல்ல வலு ஏறக்குறைய 75 வாற்று மட்டுமே. ஆதலின் மேற்கூறிய நீரை இறைக்க ஒருவனுக்கு ஏழு மணி நேரத்துக்கு மேலாகும். துலாவில் ஏறி மிதிப்போர், பட்டையைப் பிடித்துக் கவிழ்ப்பவர், பாத்திகளுக்கு நீர் மாறுபவர் என ஒரு குடும்பமே விடியற்காலையில் தோட்டத்தில் நின்றமைக்குக் காரணம் இக்கணக்கினுள்ளே அடங்கியிருக்கின்றது.

பின்னர் மண்ணெண்ணெய் இயந்திரம் வந்து அத்துன்பத்தை நீக்கியது. எனினும் சிறிய இயந்திரமும் அதனோடு இணைந்த பம்பியும் சேர்ந்து எரிபொருளின் சக்தியிற் பத்திலொரு பங்கையே நீரை உயர்த்தும் வேலையாக மாற்றுகின்றன எனக் கொள்ளலாம். எஞ்சிய ஒன்பது பங்கும் வெப்பமாயும் புகையாயும் உராய்வாயும் கழிகின்றன. 1990களிற் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் அரிதானபோதும், 2022 ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எரிபொருள் நெருக்கடி ஏற்பட்டபோதும், பிறர் கையிலுள்ள எண்ணெயை நம்பிய கிணறு எத்துணை எளிதில் ஊமையாகிவிடும் என்பதைக் கமக்காரர் நேரிற் கண்டனர்.

சிந்துஞ் சக்தியைத் தடுத்தல்

புதிய சக்தியைத் தேடுமுன் உள்ளதைச் சிந்தாமற் காத்தலே அறிவுடைமை. அதற்கான வழிகள் எளியன.

முதலாவது, குழாய். ஒரே அளவு நீர் பாயும்போது உராய்வினால் ஏற்படும் இழப்பு குழாய் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏறக்குறைய நேர்மாறாக அமையும். எனவே ஒன்றரை அங்குலக் குழாய்க்குப் பதிலாக இரண்டு அங்குலக் குழாய் பூட்டின் அவ்விழப்பு நாலிலொரு பங்காகக் குறையும். வேண்டாத வளைவுகளை நீக்குதலும் அடிவால்வின் ஒழுக்கை அடைத்தலும் இதனோடு சேர்த்துச் செய்யத்தக்கன.

இரண்டாவது, பம்பியின் இருப்பிடம். வளிமண்டலத்தின் அமுக்கம் 10.3 மீற்றருக்கு மேல் நீரை உறிஞ்ச இடந்தராது. நடைமுறையில் 7 மீற்றருக்கு மேற் போதலே அரிது. ஆகவே ஆழ்ந்த கிணற்றிற் பம்பியைத் தரையில் வைத்து வருத்துவதினும், நீர்மட்டத்துக்கு அருகே இறக்கி வைத்தல் அல்லது நீரில் மூழ்கி இயங்கும் பம்பியைப் பயன்படுத்துதல் நன்று.

மூன்றாவது, நீர். இறைத்த நீரில் ஒரு பகுதி மண் வாய்க்காலிலேயே ஊறிவிடுமாயின் அதனை இறைத்த சக்தியும் அதனோடு மண்ணுட் போயிற்று. குழாய்வழி நீரைக் கொண்டுசெல்லல், மிளகாய்க்கு வேரடியிற் சொட்டாக விடுதல், நண்பகலைத் தவிர்த்துக் காலையிலும் மாலையிலும் பாய்ச்சுதல் ஆகியன நீரையும் சக்தியையும் ஒருங்கே காப்பன.

ஞாயிறும் சாணமும்

இனி, புதுப்பிக்கத்தக்க சக்தியை நோக்குவோம். நமது பகுதியில் ஒரு கிலோவாற்று அளவுள்ள சூரிய மின்தகடுகள் நல்ல வெயில் நாளில் ஏறக்குறைய 4 கிலோவாற்று மணி மின்சக்தியைத் தரும். மின் பம்பியின் மொத்த வினைத்திறன் நூற்றுக்கு நாற்பது எனக் கொண்டால், மேலே கூறிய நான்கு பரப்புக்கு ஒரு முறை நீரிறைக்க 1.4 கிலோவாற்று மணி போதும். அதாவது அரைக் கிலோவாற்றுக்குக் குறையாத தகடுகள் அத்தோட்டத்துக்கு அமையும். மின்கலங்களுக்குப் பெரும்பணம் செலவிடவும் வேண்டுவதில்லை. வெயிலில் இறைத்த நீரை உயரத்திலுள்ள தொட்டியிற் சேமித்து மாலையிற் பாய்ச்சின், தொட்டியே மின்கலமாகின்றது.

மாட்டுத் தொழுவமும் ஒரு சக்தி நிலையமே. நாளொன்றுக்குப் பத்துக் கிலோகிராம் சாணமிடும் பசுவொன்றினால் ஏறக்குறைய மூன்றிலொரு கன மீற்றருக்குச் சற்று மேற்பட்ட உயிர்வாயு கிடைக்கும். மூன்று நான்கு மாடுகள் இருப்பின் ஒரு குடும்பத்தின் அடுப்புக்கு அது போதும். வாயு நீங்கிய கரைசல் எருவாகப் பயிருக்குச் செல்வதால், சாணத்தை எரித்துச் சாம்பலாக்குவதினும் இதுவே சிறந்தது.

மலிவினால் வரும் கேடு

இதுவரை கூறியன யாவும் நன்மையே. ஆயினும் இங்கே ஓர் ஆபத்துண்டு. அதனைச் சொல்லாது விடுதல் முறையன்று.

நமது கிணறுகளிலுள்ள நன்னீர், கடலிலிருந்து ஊடுருவிய உவர்நீரின்மேல் மிதக்கும் ஒரு வில்லை போன்றது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தே உவர்நீரும் இருத்தல் பலரும் அறிந்ததே. கொள்கையளவில், கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நிற்பின் அதன் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் நன்னீர் இருக்கும். மேல்மட்டம் ஒரு மீற்றர் தாழின் கீழிருந்து உவர்நீர் அதன் நாற்பது மடங்கு உயர முற்படும். மிகையாக இட்ட நைதரசன் உரம் பாய்ச்சும் நீரோடு இறங்கிக் கிணற்று நீரை நைத்திரேற்றினால் மாசுபடுத்துவதும் உண்டு.

துலாக் காலத்தில் மனித உடலின் களைப்பே கிணற்றைக் காத்தது. மண்ணெண்ணெய்க் காலத்தில் அதன் விலை ஓரளவு காத்தது. ஞாயிறோ களைப்பதுமில்லை, விலை கேட்பதுமில்லை. வினைத்திறன் கூடி ஒரு பொருள் மலிவாயின் அதன் நுகர்வு குறையாது பெருகக்கூடும் என 1865 ஆம் ஆண்டிலேயே ஜெவன்ஸ் என்னும் ஆங்கிலப் பொருளியலறிஞர் நிலக்கரியைக் குறித்து எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை நமது கிணற்றுக்கும் பொருந்தும். எண்ணெய்ச் செலவை மீதப்படுத்தி நன்னீரை இழப்போமாயின் அது மரத்தை விற்று நிழலை வாங்கியது போலாகும்.

இதற்கு மாற்று வழி இல்லாமலில்லை. இந்தியாவிற் குஜராத் மாநிலத்திலுள்ள துண்டி என்னும் சிற்றூரில், கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் துணையுடன், கமக்காரர் சிலர் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். தம் சூரியப் பம்பிகளுக்கு வேண்டியதுபோக எஞ்சிய மின்சக்தியை மின்வலைக்கு விற்றனர். வீணே இறைத்த நீருக்கு விலையில்லை. இறைக்காது விட்ட மின்சக்திக்கோ விலையுண்டு. ஆகவே பம்பியை நிறுத்துவதே ஊதியமாயிற்று. நமது நாட்டிலும் 2016 இல் தொடங்கிய சூரியபல சங்கிராமம் என்னும் திட்டத்தின்பின் கூரையிற் பிறக்கும் மின்சக்தியை மின்வலைக்கு விற்கும் முறைகள் விரிவடைந்தன. அவ்வழியைத் தோட்டக் கிணற்றுக்கும் கொண்டுசெல்லுதல் அறிஞரும் ஆட்சியாளரும் சிந்திக்கத்தக்கது.

நம் கல்லூரியில் விஞ்ஞானம் பயிலும் மாணவருக்கு இதிலே ஒரு பணி காத்திருக்கின்றது. தத்தம் வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து குறித்து வைப்பதற்கு ஒரு கயிறும் ஒரு கோலும் போதும். பத்தாண்டுக் குறிப்புக் கையிலிருந்தால் எவ்வளவு இறைக்கலாம் என்பதைக் கிணறே கூறும். ஞாயிற்றின் செல்வம் வற்றாதது. கிணற்றின் செல்வமோ ஒவ்வொரு மாரியும் நமக்குத் தரும் கடன். முன்னதைத் தாராளமாகவும் பின்னதை அளந்தும் செலவிடக் கற்ற தலைமுறையே இம்மண்ணிற் பயிரோடு வாழும்.