மலர்த்தொண்டும் மனத்தெளிவும்

செண்பகத்தோப்புக்கு வரும் அன்பர்கள் எல்லோருக்கும் பொதுவான ஓர் அநுபவம் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரின் ஆரவாரம் பின்தங்கி, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் மரநிழல் தொடங்கியதும், நெஞ்சிலிருந்து ஏதோ ஒரு சுமை இறங்குகிறது. காட்டழகராகிய ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாளை ஸேவித்துச் சற்றே அமர்ந்திருக்கையில், வீட்டுக் கவலையும் கடன் கவலையும் மறந்தே போகின்றன. ஆயினும் ஊர் திரும்பிய மறுநாளே அவை மீண்டும் வந்து பற்றிக்கொள்கின்றன. காட்டில் கிடைத்த அமைதி வீட்டில் ஏன் நிலைப்பதில்லை? இந்த வினாவோடு திரும்பிச் செல்பவர் பலர்.

இதற்கு விடை இந்த க்ஷேத்திரத்திலேயே இருக்கிறது. பன்னிரு ஆழ்வார்களுள் பெரியாழ்வார், ஆண்டாள் ஆகிய இருவரும் அவதரித்த திருத்தலம் ஸ்ரீவில்லிபுத்தூர். மலையும் காடும் கூப்பிடு தூரத்தில் இருந்தும், பெரியாழ்வார் மனஅமைதியை நாடி வனம் புகவில்லை. ஊர் நடுவே நந்தவனம் அமைத்தார். நாள்தோறும் மாலை தொடுத்து வடபத்ரசாயிக்குச் சமர்ப்பித்தார். மண்ணைக் கொத்துவதும், நீர் இறைப்பதும், பூப்பறிப்பதும், நாரில் தொடுப்பதுமே அவருடைய அன்றாட வாழ்க்கை. காலையில் சாற்றிய மாலை மாலைக்குள் வாடிவிடும். மறுநாள் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இல்லத்தரசியின் அடுக்களை வேலைக்கும், ஆலைத் தொழிலாளியின் முறைவேலைக்கும் இதுவே இயல்பு. ஒருவருக்குச் சலிப்பாகத் தோன்றும் அதே செயல், ஆழ்வாருக்கு எவ்வாறு பேரின்பமாயிற்று?

மூவகைத் தியாகம்

மனம் ஒருநிலைப்படாதவனுக்கு அமைதி வாய்க்காது, அமைதியில்லாத இடத்தில் இன்பமும் வாய்க்காது என்பது கீதையின் இரண்டாம் அத்தியாயம் காட்டும் கருத்து. அந்த அமைதிக்குரிய வழியைப் பதினெட்டாம் அத்தியாயம் விவரிக்கிறது. செயலை விடுவது தியாகம் அன்று. செயலைச் செய்துகொண்டே உள்ளத்திலுள்ள பற்றை விடுவதே தியாகம். இதனைப் பகவத் ராமாநுஜர் தம் கீதா பாஷ்யத்தில் மூன்றாகப் பகுத்தருளினார். "நானே செய்கிறேன்" என்னும் எண்ணத்தை விடுவது கர்த்ருத்வ தியாகம். "இது என்னுடையது" என்னும் எண்ணத்தை விடுவது மமதா தியாகம். "இதன் பயன் எனக்கே" என்னும் எண்ணத்தை விடுவது பல தியாகம். முதலாவது அமைதியைத் தரும். இரண்டாவது விடுதலையைத் தரும். மூன்றாவது ஆனந்தத்தைத் தரும். பெரியாழ்வாரின் வரலாற்றில் இம்மூன்றையும் கண்ணாரக் காணலாம்.

அமைதி பிறந்த இடம்

பாண்டிய மன்னன் வல்லபதேவனின் ஸபையில் பரதத்துவத்தை நிர்ணயித்துப் பொற்கிழியைப் பெற்று வருமாறு எம்பெருமான் ஆழ்வாருக்குக் கட்டளையிட்டதாகக் குருபரம்பரை கூறும். மண்வெட்டியும் பூக்குடலையும் பழகிய கைக்கு வித்வத்ஸபையில் என்ன வேலை என்று அவர் தயங்கினார். தம் வித்தையை நம்பிச் சென்றிருந்தால் அச்சமே மிஞ்சியிருக்கும். பேசுவிப்பவன் அவன் என்று தெளிந்ததும் தயக்கம் நீங்கிற்று. கலக்கமின்றிச் சென்றார், பொற்கிழி தானே தாழ்ந்து அவர் கைக்கு வந்தது.

இன்றைய குடும்பத் தலைவனுக்கு உறக்கத்தைக் கெடுப்பது வேலையின் கனம் மட்டுமன்று. மகளின் திருமணம், மகனின் படிப்பு, முதியோரின் மருந்து ஆகிய அனைத்தும் தன் தோளில் மட்டுமே நிற்கின்றன என்ற எண்ணமும் சேர்ந்து அழுத்துகிறது. முயற்சி அவனுடைய கடமை. முடித்து வைப்பவன் எம்பெருமான். இந்தத் தெளிவு வந்தால் முயற்சி குறையாது. நடுக்கம் மட்டுமே குறையும்.

விடுதலையும் கண்ணீரும்

பொற்கிழியை ஆழ்வார் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. பொருளை வடபத்ரசாயிக்கே ஆக்கிவிட்டு நந்தவனத்துக்குத் திரும்பினார். ஆனால் பொன்னைக் காட்டிலும் பெரிய சோதனை ஒன்று அவருக்குக் காத்திருந்தது. துளசிச் செடியின் அருகே கண்டெடுத்து வளர்த்த கோதையைத் திருவரங்கனுக்கு அளிக்க வேண்டி வந்தது. அளித்தார், ஆனால் வருந்தாமல் அளிக்கவில்லை. மகளைப் பிரிந்த தாயின் ஏக்கமாக அமைந்த பாசுரங்கள் பெரியாழ்வார் திருமொழியில் உள்ளன.

அன்பர்கள் இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டும். மனஅமைதி என்பது நெஞ்சு கல்லாவது அன்று. பற்றை விட்டவருக்குப் பாசம் வற்றிவிடும் என்று எண்ணுவது பிழை. ஆழ்வார் அழுதார், ஆயினும் கொடுத்ததைத் திரும்பக் கேட்கவில்லை. மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் தந்தையும், மகனை வெளியூருக்கு வேலைக்கு அனுப்பும் தாயும் கண்ணீர் விடலாம். குழந்தை முதலில் எம்பெருமானுடைய சொத்து, தம்மிடம் வளர்க்கக் கொடுத்தது என்று உணர்ந்தால், அந்தக் கண்ணீரில் கசப்பு இராது. அதுவே விடுதலை.

ஆனந்தம் எங்கே?

ஸபையில் வென்ற ஆழ்வாரை யானைமீது ஏற்றி மன்னன் மதுரை வீதியில் ஊர்வலம் வரச் செய்தான். அதனைக் காண எம்பெருமான் கருடாரூடனாய் வானில் காட்சியளித்தான். அந்த வேளையில் ஆழ்வார் தமக்கென எதையும் வேண்டவில்லை. இந்த அழகுக்குக் கண்ணேறு படுமே என்று அஞ்சி, யானையின் மணிகளையே தாளமாகக் கொண்டு, பகவானுக்கே பல்லாண்டு பாடினார். பெறுவதற்குரிய நேரத்தில் கொடுக்கத் தொடங்கியதால் அன்றோ அவர் "பெரிய" ஆழ்வாரானார்!

பயனைத் துறப்பது என்றால் உழைப்பாளி கூலியை விட வேண்டுமோ என்று ஐயுற வேண்டா. உழைப்புக்குரிய ஊதியம் குடும்பத்தைக் காக்கும் தர்மம். அதனைக் கேட்டுப் பெறுவதே முறை. வேலை செய்யும்போது மனம் வேலையை விட்டு ஊதியத்திலும் புகழிலும் தொங்குவதையே விடச் சொல்கிறது சாஸ்திரம். இராஜபாளையத்து நூற்பாலையில் அறுந்த இழையை இணைக்கும் கையும், ஸ்ரீவில்லிபுத்தூரில் அடிபிடிக்காமல் பால்கோவாவைக் கிளறும் கையும் அந்தக் கணத்தில் செயலிலேயே தோய்ந்திருந்தால், அதுவும் ஆராதனமே. அசிரத்தையாகச் செய்துவிட்டுப் பயனைத் துறந்தேன் என்பது தியாகமன்று. அழுகிய பூவை எம்பெருமானுக்கு எவரும் சாற்றுவதில்லை.

ஆண்டாள் திருக்கரத்தில் விளங்கும் கிளியை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். இலைகளைக் கொண்டு உடலும் மாதுளம்பூவைக் கொண்டு அலகுமாக, அது நாள்தோறும் புதிதாகக் கட்டப்படுகிறது. நேற்றைய கிளி எத்தனை அழகாயினும் இன்று களையப்படும். நாளை நிற்காது என்று அறிந்தும், இன்று அதனைச் செவ்வனே கட்டும் கைக்கு அக்கைங்கர்யமே ஆனந்தம்.

வீட்டில் பயில்வதற்கு

வைதிகக் கர்மங்களைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ஸாத்விக தியாகத்தைச் சொல்லி எம்பெருமானிடம் ஒப்படைப்பது வைஷ்ணவப் பெரியோரின் வழக்கம். அதனை அன்றாட வேலைக்கும் விரித்துக்கொள்ளலாம். அடுப்பு மூட்டும்போதும், கடை திறக்கும்போதும், ஆலைக்குள் நுழையும்போதும், "இது உன் பணி; நீயே செய்வித்துக்கொள்" என்று ஒரு கணம் நினைத்தால் போதும். முடித்ததும், நன்றாயினும் குறையாயினும், "உனக்கே" என்று விட்டுவிட வேண்டும். ஆண்டாள் சூடிக் களைந்த மாலையைக் குற்றமென்று ஆழ்வார் ஒதுக்கினார். எம்பெருமானோ அதனையே உகந்தான். குறையென்று கருதி வருந்தும் செயலையும் அவன் திருவுள்ளம் எவ்வாறு ஏற்கும் என்பதை யார் அறிவார்? சூடிக்கொடுத்தவளின் மாலை இன்றும் புரட்டாசி பிரம்மோத்ஸவத்தில் திருமலைக்கும், சித்திரைத் திருவிழாவில் கள்ளழகருக்கும் செல்கிறது.

இந்தப் பயிற்சியைச் செண்பகத்தோப்பிலேயே தொடங்கலாம். 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாகவும், 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் ஆன இக்காடு, எம்பெருமான் படைத்த பல உயிர்களின் இல்லம். இதில் "என்னுடையது" என்று சொல்லத்தக்கது யாத்திரிகருக்கு ஏதுமில்லை. வனத்துறையினர் வகுத்த நேரத்தையும் வழியையும் மதித்து, நெகிழிப்பையும் எச்சிலிலையும் விட்டுச்செல்லாமல், பூவையும் தளிரையும் பறிக்காமல் திரும்புவது மமதா தியாகத்தின் முதற்பாடம். அழகரின் பிரஸாதத்தோடு இந்தப் பாடத்தையும் கொண்டு செல்லும் அன்பருக்கு, வீட்டு முற்றமே நந்தவனமாகும். காட்டில் கிடைத்த அமைதி அங்கும் நிலைக்கும்.

பெரியாழ்வார் திருவடிகளே சரணம்!
ஆண்டாள் திருவடிகளே சரணம்!