செவிவழி இயற்பியல்

காண்டல் கண்ணின் தொழில் என்றே பொதுவாகக் கருதுகிறோம். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம், பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றிய ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஒளியியல் நூலில் இதனை நுணுகி ஆராய்ந்தார். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணிற் புகுவதாலேயே காட்சி நிகழ்கிறது என்று கூறிய அவர், அவ்வளவில் அமையவில்லை. கண் தானே பெறுவன ஒளியும் நிறமுமே. தொலைவு, பருமன், வடிவு முதலியவற்றை உள்ளம் ஒப்பிட்டும் உய்த்துணர்ந்துமே அறிகிறது என்றார்.

இக்கால நுண்துகள் இயற்பியலுக்கு இக்கருத்து இன்னும் பொருந்தும். ஹிக்ஸ் துகளை ஒத்த புதிய துகளொன்றைக் கண்டறிந்ததாக ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தார் 2012 ஜூலை 4 அன்று அறிவித்தனர். அத்துகளை எவரும் கண்ணாற் கண்டாரல்லர். அது சிதைந்து தோன்றிய பிற துகள்கள் கருவிகளில் எழுப்பிய மின்குறிப்புகளைக் கணிப்பொறியால் தொகுத்துக் கணக்கிட்டே உணர்ந்தனர். அங்ஙனமாயின், பார்வையற்ற மாணவர் ஒருவர் இத்துறையுட் புகத் தடை யாது? துகள் அன்று, துகளைப் பற்றி எழுதிய தாளே தடை என்பது நம் கருத்து.

பள்ளி மாணவர் அறிந்த வில்லை வாய்பாட்டையே எடுத்துக்கொள்வோம். பொருளின் தொலைவு யூ, மெய்பிம்பத்தின் தொலைவு வி. குவியத் தொலைவு காண, இவ்விரண்டின் பெருக்கத்தை இவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். யூ 20 செ.மீ., வி 30 செ.மீ. எனில் விடை 12 செ.மீ. தாளில் ஒரு கோடு. மேலே பெருக்கம், கீழே கூட்டல். கண் நொடியிற் கொள்ளும். அதனையே ஒருவர் ‘யூ வி வகுத்தல் யூ கூட்டல் வி’ என்று படிக்கக் கேட்பவர், முதலில் வகுத்துப் பின் கூட்டினால் பெறுவது 60. ஒலி ஒன்றே, பொருள் இரண்டு. துகள் இயற்பியலில் இடர் இன்னும் பெரிது. எலக்ட்ரானின் நிறையைக் குறிக்க வரும் பத்தின் அடுக்கு, மேலே ஏறி நிற்கும் இடத்தை இழந்தால், ‘பத்து கழித்தல் முப்பத்தொன்று’ என ஒலிக்கும்!

சுவடி பயின்றோர்க்கு இது புதிதன்று. புள்ளியிடாத ஏட்டில் ‘எரி’யும் ‘ஏரி’யும் ஒரே வடிவின. நெருப்பா நீரா என்பதை இடம் நோக்கியே துணிய வேண்டும்.

பிறவியிலேயே பார்வையற்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் ஆபிரகாம் நெமத், 1952இல் வெளிவந்த தம் பிரெய்ல் குறியீட்டில் பின்னத்தின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் தனித்தனிக் குறிகள் வகுத்தார். வாயால் படிப்பதற்கும் அவ்வாறே விதி செய்தார். புணேயில் பிறந்து 14ஆம் அகவையில் பார்வை இழந்த டி. வி. ராமன், கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வில், வாய்பாட்டைக் கணிப்பொறியே படித்துக் காட்டும் ‘ஆஸ்டர்’ என்னும் நிரலை உருவாக்கினார். அடுக்குகள் உயர்ந்த குரலிலும் கீழ்க்குறிகள் தாழ்ந்த குரலிலும் ஒலிக்கும். (ஆஸ்டர் என்பது அவருக்கு வழிகாட்டிய நாயின் பெயர்.)

இஃது இயன்றமைக்குக் காரணம், டொனால்ட் குனுத் அமைத்த ‘டெக்’ என்னும் அச்சமைப்பு முறையும் அதன் வழிவந்த ‘லாடெக்’கும். அவற்றில் எழுதுவோர் வாய்பாட்டின் தோற்றத்தை வரைவதில்லை. ‘இது பின்னம், இது மேற்பகுதி, இது கீழ்ப்பகுதி’ என அமைப்பையே எழுதுகின்றனர். பால் கின்ஸ்பார்க் 1991 ஆகஸ்டில் லாஸ் அலமாஸில் தொடங்கிய கட்டுரைக் களஞ்சியத்துக்குத் துகள் இயற்பியலார் தம் கட்டுரைகளை இவ்வடிவிலேயே அனுப்பினர். ஆயினும் படிப்போர் கைக்குச் சென்றது பெரும்பாலும் பி.டி.எஃப். வடிவம். அதில் கோடு எஞ்சும். அது பின்னக்கோடு என்னும் செய்தி எஞ்சாது. ‘ஆர்க்கைவ்’ என வழங்கும் அக்களஞ்சியம், திரைபடிப்பான் கொண்டு கேட்போரையும் கருதி, 2023 டிசம்பர் முதல் கட்டுரைகளை இணையப் பக்க வடிவிலும் அளிக்கத் தொடங்கியது. அமைப்பு மூலத்தில் காக்கப்பட்டிருந்தமையால், 32 ஆண்டு கழித்தும் அது கைகொடுத்தது.

தமிழ்த்துறையாராகிய நாம் இதனைப் பிறர் செய்தியாக எண்ணுதல் கூடாது. 1990களில் பரவிய தமிழ் எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஏற்றியவை. திரையில் ‘அகரம்’ தோன்றும்; கணிப்பொறி அறிந்திருப்பதோ பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவை. திரைபடிப்பான் அதையே ஒலிக்கும். அவ்வெழுத்துருக்களில் கோத்த பாடக்குறிப்புகளும் ஆய்வேடுகளும் இன்னும் வழக்கில் உள்ளன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் நிரல்கள் இருக்கின்றன. மாற்றியபின் ஒற்றும் உயிர்மெய்யும் பிறழ்ந்துள்ளனவா எனச் சரிபார்க்கவே தமிழறிந்தவர் வேண்டும். பார்வையற்ற ஆஸ்திரேலியர் ஒருவர் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் திரைபடிப்பான் இலவசமாகக் கிடைக்கிறது. அதனை நூலகக் கணிப்பொறி ஒன்றில் நிறுவி, திருத்திய கோப்புகளை இளங்கலை முதலாண்டுப் பாடக்குறிப்பிலிருந்து வரிசையாக ஏற்றிவரலாம்.