இதிலிருந்து நீ அறிவது என்ன?

பொங்கல் விடுமுறையில் என் முன்னாள் மாணவி ஒருத்தி என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தாள். இளங்கலைப் பொருளியல் முதலாமாண்டு படிக்கிறாள். அவள் குடும்பத்தில் கல்லூரிக்குச் சென்ற முதல் ஆள் அவள்தான்.

கையில் ஒரு நோட்டு வைத்திருந்தாள். தன் தெருவில் 30 வீடுகளின் மாத வருமானத்தைக் கேட்டு எழுதி, அதைப் புள்ளியியல் முறையில் பகுப்பாய்வு செய்ய வேண்டும் என்பது அவளுக்குத் தரப்பட்ட ஒப்படைப்பு. கூட்டுச் சராசரி, இடைநிலை அளவு, முகடு, வீச்சு, திட்ட விலக்கம் என ஐந்தையும் கணக்கிட்டிருந்தாள். ஒரு பிழையும் இல்லை. ஆனால் கடைசிப் பக்கத்தில் மதிப்பெண்ணுக்குப் பதிலாகப் பேராசிரியர் சிவப்பு மையில் ஒரு கேள்வி எழுதியிருந்தார்: ‘இதிலிருந்து நீ அறிவது என்ன?’

“டீச்சர், பத்தாவதுல இதே கணக்குக்கு முழு மார்க் வாங்கினேன். இப்ப என்ன எழுதுறதுன்னே தெரியல. என்கூடச் சேர்ந்த ரெண்டு பேர் நின்னுட்டாங்க. நானும் நின்னு வேலைக்குப் போயிடலாமான்னு இருக்கு” என்றாள்.

அவளுக்குச் சமூக அறிவியல் கற்பித்தவள் நான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு வீதம் 80.09 என்று மனப்பாடம் செய்ய வைத்தேன். ஒரு மதிப்பெண் வினாவுக்கு அது போதுமானதாக இருந்தது. அந்த எண்ணிலிருந்து என்ன தெரிகிறது என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. அன்று மாலை இருவரும் உட்கார்ந்து அந்த நோட்டை முதலிலிருந்து பார்த்தோம். அப்போது நான் கற்றவற்றையே இங்கே பகிர்கிறேன்.

சராசரி யாருடைய வருமானம்?

எளிமைக்காக ஐந்து வீடுகளை மட்டும் எடுத்து, எண்களை முழுமையாக்கிக் கொண்டோம். மாத வருமானம் ரூபாயில்: 9,000, 10,000, 11,000, 12,000, 58,000. கூடுதல் 1,00,000. சராசரி 20,000.

“இந்த ஐந்தில் எந்த வீட்டுக்கு 20,000 வருகிறது?” என்று கேட்டேன். அவள் பட்டியலை மீண்டும் பார்த்தாள். ஒரு வீட்டுக்கும் இல்லை. நான்கு வீடுகள் அதற்கு வெகு கீழே இருக்கின்றன. ஒரு வீடு மட்டும் வெகு மேலே இருக்கிறது. இடைநிலை அளவோ 11,000. தெருவில் நடுத்தரமாக வாழும் வீட்டை அந்த எண்தான் காட்டுகிறது.

ஒரே ஒரு பெரிய எண் சராசரியைத் தன் பக்கம் இழுத்துவிடும். இடைநிலை அளவை அது அவ்வளவு எளிதில் அசைப்பதில்லை. அந்த 58,000 ஐந்து லட்சமாக உயர்ந்தாலும் இடைநிலை அளவு 11,000 ஆகவே இருக்கும். வருமானம், நில உடைமை போன்றவற்றை ஆராயும்போது இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது இதனால்தான். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், அந்த இடைவெளியே ஒரு செய்தி.

விலக்கத்தை ஏன் வர்க்கப்படுத்துகிறோம்?

அடுத்து நம் வகுப்பறைக்கே வந்தோம். ஒரு குழுவின் மதிப்பெண்கள் 48, 50, 52, 54, 56. இன்னொரு குழுவுக்கு 20, 24, 52, 76, 88. இரண்டுக்கும் சராசரி 52, இடைநிலை அளவும் 52. பதிவேட்டில் சராசரியை மட்டும் எழுதினால் இரண்டும் ஒரே மாதிரியான குழுக்கள். ஆனால் இரண்டாம் குழுவில் இருவருக்கு உடனடியாக உதவி தேவை.

ஒவ்வொரு மதிப்பெண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்த்தால் முதல் குழுவில் -4, -2, 0, 2, 4. இவற்றைக் கூட்டினால் சுழியம். எந்தத் தரவை எடுத்தாலும் சராசரியிலிருந்து வரும் விலக்கங்களின் கூடுதல் சுழியம்தான். குறைகளும் மிகைகளும் ஒன்றையொன்று அழித்துவிடும். அதைத் தடுக்கத்தான் வர்க்கப்படுத்துகிறோம். வர்க்கங்களின் சராசரியைக் கண்டு, வர்க்கமூலம் எடுத்து மீண்டும் மதிப்பெண் என்ற அலகுக்கே திரும்புகிறோம். முதல் குழுவின் திட்ட விலக்கம் 2.83. இரண்டாம் குழுவுக்கு 27.13.

“இதுக்குத்தானா டீச்சர் வர்க்கம்?” என்றாள். பத்தாம் வகுப்பில் எத்தனையோ முறை போட்ட கணக்கின் காரணம் அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கும்தான்.

இன்னொரு குழப்பமும் அவளுக்கு இருந்தது. கையால் போட்டால் 27.13 வருகிறது, கணினியில் போட்டால் 30.33 வருகிறது. தான் தவறு செய்துவிட்டதாகவே நினைத்திருந்தாள். இரண்டும் சரியே. அந்த ஐந்து பேர் மட்டுமே நம் ஆய்வுக்குரியவர்கள் என்றால் 5 ஆல் வகுக்கிறோம். பெரிய கூட்டத்திலிருந்து எடுத்த மாதிரி என்றால் 4 ஆல் வகுக்கிறோம். மாதிரியின் சராசரி அதே எண்களிலிருந்து பிறந்தது என்பதால் விலக்கங்கள் உள்ளதைவிடச் சற்றுச் சிறிதாகத் தெரியும். அதை ஈடுசெய்ய எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கிறோம்.

சராசரிகளுக்குச் சராசரி

இந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். அ பிரிவில் 40 பேர், தேர்ச்சி 90 விழுக்காடு. ஆ பிரிவில் 20 பேர், தேர்ச்சி 60 விழுக்காடு. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 75 என்று அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன். உண்மையில் தேர்ச்சி பெற்றவர்கள் 36 உம் 12 உமாக 48 பேர். மொத்தம் 60 பேர். எனவே தேர்ச்சி 80 விழுக்காடு.

மாவட்டங்களுக்கும் இது பொருந்தும். 2011 இல் சென்னையின் மக்கள்தொகை 46 லட்சத்துக்கும் மேல். பெரம்பலூரில் 6 லட்சத்துக்கும் குறைவு. இரண்டையும் ஒரே எடையில் வைத்து மாநில வீதத்தைக் காண முடியாது.

நான் மனப்பாடம் செய்ய வைத்த 80.09 இன் உள்ளேயும் பார்த்தோம். கன்னியாகுமரி 91.75, தருமபுரி 68.54. வீச்சு 23.21. ஆண்கள் 86.77, பெண்கள் 73.44. பாடம் தொடங்க வேண்டிய இடம் இதுதான். ஏன் இந்த வேறுபாடு என்று மாணவர்கள் கேட்கத் தொடங்கினால் அது சமூக அறிவியல் வகுப்பு.

சேர்ந்து வருவதெல்லாம் காரணம் ஆகாது

ஒட்டுறவு அவளுடைய அடுத்த பாடம். தொடக்கப் பள்ளியில் ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை உள்ள குழந்தைகளின் உயரத்தையும் வாசிப்புத் திறனையும் அளந்தால் இரண்டும் சேர்ந்தே உயர்வதைக் காணலாம். உயரமானதால் நன்றாக வாசிக்கிறார்கள் என்று யாரும் சொல்ல மாட்டோம். வயது இரண்டையும் உயர்த்துகிறது. இந்த ஓர் எடுத்துக்காட்டுக்குப் பிறகு அவள் எந்த ஒட்டுறவைப் பார்த்தாலும், பின்னால் மூன்றாவதாக ஏதேனும் இருக்கிறதா என்று தேடுகிறாள்.

நம் வகுப்பறையில்

கல்லூரியில் முதலாமாண்டில் திகைப்பதற்கான விதை பள்ளியிலேயே விழுகிறது. அதை மாற்றப் பெரிய கருவிகள் தேவையில்லை.

1. தொடக்க வகுப்பு: மூன்று குழந்தைகளிடம் 2, 5, 8 புளியங்கொட்டைகளைக் கொடுத்து, எல்லோருக்கும் சமமாக வரும்படி பகிரச் சொல்லலாம். சராசரி என்பது சமப் பங்கு என்று கையே கற்றுக்கொள்ளும்.

2. நடுநிலை வகுப்பு: மாணவர்களை உயர வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரைக் கண்டறியச் சொல்லலாம். பிறகு வரிசையின் கடைசி மாணவருக்குப் பதில் ஓர் ஆசிரியர் போய் நிற்கட்டும். சராசரி மாறும், நடுவில் நிற்பவர் மாறமாட்டார்.

3. உயர்நிலை வகுப்பு: வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் நேரத்தைத் திரட்டி, அளவுகளைக் கண்டு, இரண்டு வாக்கியங்களில் விளக்கம் எழுதச் சொல்லலாம். விடைக்குப் பாதி மதிப்பெண், விளக்கத்துக்குப் பாதி.

பேராசிரியர் மகாலனோபிஸ் பிறந்த ஜூன் 29 ஆம் நாளை 2007 முதல் நாடெங்கும் புள்ளியியல் நாளாகக் கொண்டாடுகிறோம். பள்ளி திறந்த சில வாரங்களில் வரும் அந்த நாளில் இவற்றில் ஒன்றைச் செய்து பார்க்கலாம்.

விடுமுறை முடிந்து கல்லூரிக்குத் திரும்பும் முன் அவள் அந்தக் கடைசிப் பக்கத்தை எழுதி என்னிடம் காட்டினாள்: ‘எங்கள் தெருவில் பெரும்பாலான வீடுகள் சராசரி வருமானத்தை எட்டவில்லை. சராசரியை மேலே தூக்கியவை இரண்டு வீடுகள் மட்டுமே. இது எங்கள் தெருவின் நிலை. ஊர் முழுவதற்கும் இப்படித்தான் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.’

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லித் தரவில்லை. அவள் இப்போது இரண்டாமாண்டு படிக்கிறாள்.