அட்டை இயந்திரத்தின் மறுமுனையில்

பெருநாள் நெருங்கும் இரவுகளில் புடவைக் கடைகளில் நிற்கவும் இடமிருக்காது. அந்நேரம் பார்த்து அட்டை இயந்திரம் தொடர்பில்லை என்று காட்டினால், வாடிக்கையாளர் எடுத்த சாமானை வைத்துவிட்டுப் போய்விடுவார். "வங்கிக் கம்பியூட்டர் விழுந்துவிட்டதாம்" என்று நாமும் சொல்லிவிடுகிறோம். வளைகுடாவில் அட்டைக் கொடுக்கல் வாங்கல் நிலையமொன்றில் சில காலம் வேலை செய்தவன் என்ற வகையில், அந்த மறுமுனையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம் என நினைக்கிறேன்.

அங்கிருந்தது நொன்ஸ்டொப் வகைச் சேவையகம். 1974இல் அமெரிக்காவில் ஆரம்பமான டேண்டம் நிறுவனத்தின் தயாரிப்பு. முதல் இயந்திரம் 1976இல் சிட்டி வங்கிக்குப் போனது. 1997இல் கொம்பாக் இந்நிறுவனத்தை வாங்க, 2002இல் கொம்பாக் எச்.பி.யோடு சேர்ந்தது. ஒரே இயந்திரத்துக்குள் இரண்டு முதல் 16 வரை செயலிகள். ஒவ்வொன்றுக்கும் சொந்த நினைவகம். ஒன்று செத்தாலும் மற்றவை நடக்கும்.

வெளி வலையமைப்போடு பேசுவதற்கென்று ஒரு புரொசஸ் உண்டு. அதை ஆரம்பிக்கும்போதே இரண்டு செயலி இலக்கங்களைக் கொடுக்க வேண்டும். உதாரணமாக, பிரதானம் 0, பதில் 1. பெயர் ஒன்றுதான், டாலர் குறியில் தொடங்கும். பதில் ஆள் சும்மா தூங்குபவன் அல்லன். தேவையான விபரங்களைப் பிரதானம் அவனுக்கு அவ்வப்போது அனுப்பிக்கொண்டிருக்கும். வாப்பா கடையில் இல்லாத நாளில் கடன் கொப்பியைத் தெரிந்த மகன் கல்லாவில் இருப்பது மாதிரி. கொப்பி தெரியாத மகன் இருந்தும் பிரயோசனமில்லை.

புரொசஸ் எழும்பினால் மட்டும் போதாது. எந்த வலையமைப்பு அட்டை, எந்த ஐ.பி. முகவரி என்று சப்நெட்டைச் சேர்க்க வேண்டும். வெளியே போகும் பாதையைச் சேர்க்க வேண்டும். பிறகு இரண்டையும் தனித்தனியாக ஆரம்பிக்கவும் வேண்டும். நான் பிழைவிட்டது இங்கேதான். ஓரிரவு பராமரிப்பு முடிந்து எல்லாவற்றையும் சேர்த்தேன், ஆரம்பிக்கும் கட்டளையை மறந்தேன். திரையில் புரொசஸ் இரண்டு செயலியிலும் நலமாக ஓடுகிறது. ஒரு கடையிலிருந்தும் அழைப்பு வரவில்லை. இலட்சக்கணக்கில் செலவழித்த இயந்திரம் பழுதில்லாமல் சும்மா நின்றது! நிலையைக் கேட்டுப் பார்த்தபோதுதான் சப்நெட் "நிறுத்தப்பட்டுள்ளது" என்றிருந்தது. "கடையைத் திறந்தீர், கதவைத் திறக்கவில்லையே" என்றார் மேலதிகாரி. அதன்பின் கட்டளைகள் அனைத்தையும் வரிசையாக ஒரு கோப்பில் எழுதி, அதையே ஓடவிட்டேன்.

நம் கடைகளிலும் இதே கதைதான். வங்கியில் எல்லாம் இரண்டிரண்டு, நம்மிடம் ஒரேயொரு சிம். இரண்டாவது இணைப்பு எடுப்பவர்களும் அதே கம்பனியிடமே எடுக்கிறார்கள். கோபுரம் விழுந்தால் இரண்டும் போகும். வேறு கம்பனியின் சிம் ஒன்றைப் போட்டு, சனமில்லாத ஒரு காலையில் முதலாவதைக் கழற்றிச் சோதித்துப் பாருங்கள்.

இன்னொன்று. தொடர்பு பாதியில் அறுந்தால் உடனே மறுபடி அட்டையைப் போடாதீர்கள். முதல் தொகை கழிந்துவிட்டதா என்று வாடிக்கையாளரின் குறுஞ்செய்தியையும், தேவைப்பட்டால் வங்கியையும் கேட்டுக்கொள்ளுங்கள். இருமுறை கழிந்த பணம் அவருடைய ஹக்கு. நமது கணக்குக்குத் தெரியாமல் வந்திருந்தாலும் திருப்பிக் கொடுக்க வேண்டியதே.