குரல் ஒன்று, கணிப்பொறி முப்பது!

(மூன்றாமாண்டு கணிப்பொறிப் பொறியியல் மாணவன், ஜீயபுரம்)



நாம் பேசப் பேசத் தானே தட்டச்சு செய்யும் மென்பொருள் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1997-ல் வெளிவந்த 'டிராகன் நேச்சுரலிஸ்பீக்கிங்' இதில் புகழ்பெற்றது. நம் ஆய்வகத்திலும் இப்படி ஒரு மென்பொருளைப் பயன்படுத்தினோம். அதில் நான் கற்ற பாடத்தை இங்கே எழுதுகிறேன்.

குரல் கோப்பு என்றால் என்ன?

இவ்வகை மென்பொருள் ஒவ்வொருவரின் உச்சரிப்பையும், அவர் சேர்த்த சொற்களையும், செய்த திருத்தங்களையும் ஒரு கோப்புத் தொகுதியாகச் சேமிக்கும். இதுதான் குரல் கோப்பு. ஆஸ்பத்திரி நோட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் மாறினாலும் நோட்டு கையில் இருந்தால் கவலை இல்லை.

பிரச்சினை எங்கே?

என் நண்பன் பைக்கிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. பிராஜெக்ட் ரிப்போர்ட்டைப் பேசியே முடிக்கிறேன் என்றான். ஏழாம் நம்பர் கணிப்பொறி அவன் பேச்சைப் புரிந்துகொண்டது. மறுநாள் மூன்றாம் நம்பரில் உட்கார்ந்தால் எல்லாம் தப்புத்தப்பு! அவன் குரல் கோப்பு ஏழிலேயே இருந்ததுதான் காரணம்.

என்ன செய்தோம்?

பழைய கணிப்பொறி ஒன்றில் லினக்ஸும் சாம்பாவும் நிறுவினோம். சாம்பா இலவச மென்பொருள். 1992-ல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கியது. விண்டோஸ் கணிப்பொறிகள் லினக்ஸில் உள்ள ஃபோல்டரைத் திறக்க அது வழி செய்கிறது. மூலப்பிரதி சர்வரில், உட்காரும்போது நகல் நம் கணிப்பொறிக்கு வரும், முடித்ததும் மாற்றங்கள் சர்வருக்குத் திரும்பும். டிராகனிலும் 'ரோமிங் யூசர்' என்று இதே ஏற்பாடு உண்டு. மைக் அளவீட்டை மட்டும் அந்தந்தக் கணிப்பொறியிலேயே வைக்க வேண்டும். மைக்குக்கு மைக் சத்தம் மாறுமல்லவா?

ஒரு கணக்கு

ஒரு கோப்பு 150 மெகாபைட் என்று கொள்வோம். 100 மெகாபிட் இணைப்பில் வினாடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் போகும். ஒருவருக்கு 12 வினாடி. முப்பது பேரும் ஒரே நேரத்தில் திறந்தால் 4,500 மெகாபைட். அதாவது 360 வினாடி, ஆறு நிமிஷம்! சர்வர் இணைப்பையும் ஸ்விட்சையும் ஜிகாபிட் ஆக்கினால் 36 வினாடியில் முடியும். மாறிய கோப்புகளை மட்டும் அனுப்பினால் இன்னும் குறையும்.

நான் செய்த தப்பு

பூட்டு வைக்க மறந்துவிட்டேன். நண்பன் ஏழாம் நம்பரை மூடாமலே மூன்றில் வேலை செய்துவிட்டுப் போனான். பிறகு நான் ஏழை மூடினேன். பழைய நகல் போய்ப் புதிய மூலப்பிரதியின் மேல் உட்கார்ந்தது. அவன் அன்று செய்த திருத்தம் அத்தனையும் போச்சு. அவன் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அதன் பிறகு மூன்று விதி வைத்தோம்:

1. ஒருவர் கோப்பை ஒரு நேரத்தில் ஒரே கணிப்பொறிதான் திறக்கலாம்.
2. தினமும் இரவில் வேறொரு டிஸ்க்கில் நகல். ஏழு நாள் நகலை வைத்திருக்க வேண்டும்.
3. ஒவ்வொரு ஃபோல்டருக்கும் 0700 அனுமதி. குரல் அவரவர் சொந்தச் சொத்து. அடுத்தவன் திறக்கக் கூடாது.

முடிவுரை

2017 முதல் கூகுளின் குரல் தட்டச்சில் தமிழும் உண்டு. பயிற்சி கொடுக்கவே தேவையில்லை. அப்புறம் இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். மூலப்பிரதி, நகல், பூட்டு, அனுமதி – இந்த நான்கும் எந்த சர்வருக்கும் பொருந்தும். நாளை வேலைக்குப் போகுமிடத்தில் நம்மை நம்பிப் பலர் தம் உழைப்பைச் சேமிப்பார்கள். அதைக் காப்பதே நம் தொழில்.

நண்பன் ரிப்போர்ட்டைக் குறித்த நாளில் கொடுத்துவிட்டான். முதல் பக்கத்து நன்றியுரையையும் பேசியே அடித்திருந்தான். அதில் என் பெயரும் இருந்தது.