குழாய் வைக்க ஏற்ற வேளை



1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று இளம்பெண்கள் பிரசவத்தில் மரித்தார்கள். ஆண் வைத்தியர் தொட அவர்கள் வீட்டார் சம்மதிக்கவில்லை. அதைக் கண்ட ஐடா ஸ்கடர் அம்மையார் மருத்துவம் பயின்று வந்து, 1900இல் வேலூரில் பணி தொடங்கினார். பெண்ணின் கூச்சம் சிறிய காரியமல்ல என்பதே நமக்குப் பாடம்.

மணிமங்கலத்திலிருந்து ஒரகடம் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் அதே கூச்சம் உண்டு. நாள் குறித்துச் செய்யும் சிசேரியனில் சிறுநீர்க் குழாய் வைப்பது வழக்கம். கருப்பைக்கு முன்னே இருக்கும் சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் அதில் காயம்படக்கூடும். ஆனால் எப்போது வைப்பது? வார்டில் முன்கூட்டியே வைத்தால் வலியும் வெட்கமும் சேர்ந்து வருத்தும். முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்தபின் வைத்தால் வலி தெரியாது.

எடுப்பதற்கும் வேளை உண்டு. குழாய் நீடித்தால் கிருமித் தொற்றும் கூடும். அறுவை முடிந்தவுடன் எடுக்கலாம் என 2019இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் கூறுகிறது. பின்பு தாய் தானாகச் சிறுநீர் கழிக்கிறாரா என்று செவிலியர் கவனிக்க வேண்டும்.

நீங்கள் அனுப்பும் காணிக்கை குழாயையும் மருந்தையும் வாங்கும். ஒரு திரை, ஒரு விளக்கம், சில நிமிடப் பொறுமை ஆகியவற்றை நாங்களே கொடுக்க வேண்டும்.